பிரிஸ்பேனில் வாடகை அறை: வேலை-விடுமுறை விசாவில் இருந்து திரும்பிய ஒருத்தியின் அனுபவம்

ஆஸ்திரேலியாவின் வேலை-விடுமுறை விசா (462 என்ற எண்ணால் அறியப்படுவது) 2024 செப்டம்பரில் இந்தியர்களுக்கும் திறக்கப்பட்டதிலிருந்து, சேலத்திலும் ஏற்காட்டிலும் ஹோட்டல் தொழிலில் இருக்கும் இளைஞர்களிடையே அதைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. ஆண்டுக்கு ஆயிரம் பேர், வயது 18 முதல் 30 வரை, 25 ஆஸ்திரேலிய டாலர் கட்டிக் குலுக்கலுக்குப் பதிவு செய்ய வேண்டும் என்பதெல்லாம் இங்கே பலருக்கும் மனப்பாடம். போய் இறங்கிய பிறகு எங்கே தங்குவது, அதற்கு வாரம் எவ்வளவு ஆகும் என்பதை மட்டும் யாரும் விவரமாகக் கேட்பதில்லை. ஏற்காட்டில் ஒரு விடுதியின் வரவேற்புப் பிரிவில் வேலை பார்த்து, முதல் குலுக்கலிலேயே பெயர் வந்து, விசாக் காலத்தின் பெரும்பகுதியை பிரிஸ்பேனில் கழித்துத் திரும்பியவள் என்ற முறையில், நான் பயன்படுத்திய தங்கும் வழிகள் ஒவ்வொன்றும் எப்படி இருந்தன என்பதை இங்கே எழுதுகிறேன். அந்நாட்டில் வாடகைச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆகவே இதில் வரும் சட்டக் குறிப்புகள் பிரிஸ்பேன் இருக்கும் குயின்ஸ்லாந்து மாநிலத்துக்கு மட்டுமே பொருந்தும்.

முதலில் கணக்கு. நம் ஊரில் வாடகை மாதக் கணக்கு. அங்கே வாரக் கணக்கு. வாரம் 230 டாலர் என்றால் நான்கால் பெருக்கி மாதம் 920 என்று எண்ணிக்கொள்பவர்களே அதிகம். ஆண்டின் 52 வாரங்களைப் பன்னிரண்டு மாதங்களுக்குப் பங்கிட்டால் மாதத்துக்கு ஏறத்தாழ 997 டாலர் வருகிறது. இடையில் உள்ள 77 டாலர் நம் பணத்தில் நாலாயிரம் ரூபாய்க்கு மேல். 2025 ஜூலையில் அங்கே குறைந்தபட்ச மணிக்கூலி 24.95 டாலர் ஆனது; நிரந்தரமற்ற கேஷுவல் வேலைக்கு அதன்மேல் 25 விழுக்காடு கூடுதல்; அதிலிருந்து இந்த விசாக்காரர்களுக்கு, பதிவு பெற்ற முதலாளியிடம் வேலை செய்தால், முதல் டாலரிலிருந்தே 15 விழுக்காடு வரிப் பிடித்தம். வாரம் முப்பது மணி வேலை கிடைத்தால் கைக்கு வருவது சுமார் 795 டாலர் என்பதால் 230 டாலர் அறை தாராளமாகத் தோன்றும். ஆனால் கூட்டம் குறைந்த வாரத்தில் பதினைந்து மணியே கிடைத்தால் வருவது 398 டாலர். அப்போது அதே அறை வருமானத்தில் பாதிக்கு மேல் விழுங்கிவிடுகிறது. ஆகவே, நல்ல வாரத்தை வைத்து வாடகையைத் தீர்மானிக்காமல், மோசமான வாரத்தில் அந்த வாடகையைக் கொடுக்க முடியுமா என்று பார்த்துத்தான் நான் அறை எடுத்தேன். இன்றும் அதைத்தான் சொல்வேன்.

விசாவுக்குக் கையிருப்பாக 5,000 டாலர் காட்ட வேண்டும். இரண்டு வாரம் பயணியர் விடுதியில் தங்க 600 டாலருக்கு மேல், பின்பு அறைக்கு இரண்டு வாரப் பிணைத் தொகையும் (பாண்ட் என்பார்கள்) இரண்டு வார முன் வாடகையுமாக 920, போர்வை, தலையணை, ஒரு வாணலி, குக்கர் என்று கொஞ்சம் என, முதல் சம்பளம் வருவதற்கு முன்பே அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கடன் வாங்கிக் கணக்கில் காட்டிவிட்டு உடனே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற யோசனை சேலத்தில் தாராளமாகப் புழங்குகிறது. அப்படிப் போகிறவர் தங்குமிட விஷயத்திலேயே தடுமாறிப் போவார்.

ஏற்காட்டில் என்னுடன் வேலை பார்த்த தம்பி ஒருவன், "அக்கா, இங்கிருந்தே ரூம் புக் பண்ணி, பணமும் கட்டிட்டுப் போயிடலாம்ல?" என்று கேட்டான். கூடாது. அறையை நேரில் பார்க்காமல் பணம் அனுப்பக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. மோசடி விளம்பரங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வருகின்றன: ஆற்றங்கரைக் கட்டடம், சுற்றுவட்டார விலையைவிட நூறு டாலர் குறைவு, வீட்டுக்காரர் வேறு நாட்டில் இருக்கிறார், பிணைத் தொகையை அனுப்பினால் சாவி கூரியரில் வரும். நேரில் பார்க்க வர முடியாதவரைக் குறிவைத்தே இவை எழுதப்படுகின்றன. இந்தியாவில் உட்கார்ந்து தேடுபவர் அந்த வரையறைக்குள் தாமாகவே வந்துவிடுகிறார். தங்குமிடமும் சேர்த்து ஏற்பாடு செய்து தருவதாக மொத்தத் தொகை கேட்கும் உள்ளூர் ஆலோசனை அலுவலகங்களையும் நான் இதே கண்ணோடுதான் பார்க்கிறேன். இந்த விசாவுக்கு இடைத்தரகர் தேவையே இல்லை, அறைக்கும் தேவையில்லை. ஊரிலிருந்து பதிவு செய்ய வேண்டியது, பயணியர் விடுதியில் சில இரவுகள் மட்டுமே.

பல படுக்கைகள் உள்ள பொது அறையில் ஓர் இரவுக்கு 40 முதல் 50 டாலர் வரை ஆயிற்று. வாரக் கணக்கில் பார்த்தால் இது தனி அறையைவிட அதிகம், தூக்கமும் அரைகுறை. எனினும் அங்கே ஒரு பொதுச் சமையலறையும், வேலை தேடும் பலரும், அவர்கள் காலி செய்யப் போகும் அறைகளைப் பற்றிய செய்தியும் இருந்தன. தொடக்கத்துக்கு நல்லது, தங்கிவிடக் கூடாது.

நான் அதிகக் காலம் இருந்தது ஷேர் ஹவுஸ் எனப்படும் கூட்டு வீடுகளில். நான்கு அறை வீட்டில் ஆளுக்கு ஓர் அறை. சமையலறை, குளியலறை, துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவை பொது. பிளாட்மேட்ஸ் போன்ற தளங்களிலும் பேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் இவற்றுக்கான விளம்பரங்கள் நிறைய வரும். "அறை காலியாக உள்ளதா?" என்று ஒற்றை வரி அனுப்புபவருக்குப் பெரும்பாலும் பதில் வராது, யார், எங்கே வேலை, எந்த நேரப் பணி, எத்தனை மாதம் தங்க எண்ணம் என்று நான்கு வரி எழுதினால் வருகிறது. அறையைவிட ஆளையே அவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். பார்க்கப் போகும்போது நான் கவனித்தவை: மின்சாரமும் இணையமும் வாடகையில் சேர்த்தியா, அறைக் கதவுக்குப் பூட்டு உண்டா, குளியலறையை எத்தனை பேர் பகிர்கிறார்கள், கூடத்தைத் திரைபோட்டு மறைத்து அங்கேயும் யாரையாவது தங்க வைத்திருக்கிறார்களா, படுக்கையறைக் கூரையில் புகை எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா. குயின்ஸ்லாந்தில் 2022 ஜனவரி முதல் தேதியிலிருந்து வாடகை வீட்டின் ஒவ்வொரு படுக்கையறையிலும், ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட இந்தக் கருவி இருந்தாக வேண்டும். அது இல்லாத வீடு மற்ற விதிகளையும் மதிக்காத வீடாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

தமிழர் வீடுகளில் அறை எடுப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குழம்பு வாசனைக்கு யாரும் முகம் சுளிப்பதில்லை, பொங்கல், தீபாவளிக்குத் தனியாக இருக்க வேண்டியதில்லை, வேலைச் செய்தியும் காதில் விழுகிறது. இவையெல்லாம் உண்மையான நன்மைகள். ஆனால், "நம்ம பிள்ளைதானே, இதுக்கெல்லாம் எதுக்கு ரசீது" என்ற பேச்சும் அங்கேதான் வருகிறது. நான் தங்கிய ஒரு வீட்டில், குத்தகை எடுத்திருந்தவர் உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமலே அறைகளை உள்வாடகைக்கு விட்டிருந்தார். உரிமையாளரின் வீட்டு முகவர் ஆய்வுக்கு வரும் நாளில் நாங்கள் பெட்டிகளோடு வெளியே போக வேண்டியிருந்தது. அந்த அறையின் வாடகை சுற்றுவட்டாரத்திலேயே மிகக் குறைவு. இருந்தும் அதை மலிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம் ஊர் அட்வான்ஸையும் அங்குள்ள பிணைத் தொகையையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் முன்பணத்தை மூன்று மாத வாடகை என்று சொன்னாலும், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் கூட்டிக்கொள்ள வழி விட்டிருக்கிறது; பணமும் வீட்டுக்காரரிடமே இருக்கும்; காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகை கழிவது சேலத்தின் அஸ்தம்பட்டியிலும் அழகாபுரத்திலும் கேள்வி கேட்கப்படாத வழக்கம். குயின்ஸ்லாந்தில் பிணைத் தொகை அதிகபட்சம் நான்கு வார வாடகை. வாங்கியவர் அதைப் பத்து நாளுக்குள் ஆர்.டி.ஏ. எனப்படும் குடியிருப்பு வாடகை ஆணையத்தில் கட்டியாக வேண்டும். உள்வாடகைக்கு விடும் தலைக் குத்தகைதாரருக்கும் இது பொருந்தும். கட்டியதும் நமக்கு ஆணையத்திலிருந்தே தகவல் வரும். சாதாரணப் பயன்பாட்டில் மங்கும் சுவருக்கும் தேயும் தரைக்கும் அதில் கைவைக்க முடியாது. தகராறு என்றால் ஆணையம் சமரசம் பேசும். அதிலும் தீராவிட்டால் தீர்ப்பாயம். ஆக, பணம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பாண்ட் ஆர்.டி.ஏ.வில் கட்டப்படுமா? இந்தக் கேள்விக்கு நெளிந்தவர்களின் அறைகளை நான் அதோடு விட்டுவிட்டேன். ஒப்பந்தம் எழுதிக் குடியேறுபவருக்கு வீட்டின் நிலை குறித்த அறிக்கை ஒன்று தரப்படும். சுவர்க் கீறல், கறை, உடைந்த தாழ்ப்பாள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுதி, படமும் எடுத்து வைத்துக்கொண்டு, ஏழு நாளுக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும். சோம்பல்படாமல் செய்ய வேண்டிய வேலை இது.

இடத்தைப் பொறுத்தவரை பிரிஸ்பேனுக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. 2024 ஆகஸ்ட் முதல் குயின்ஸ்லாந்தில் அரசுப் பேருந்து, ரயில், படகு எதில் ஏறினாலும் ஒரு பயணத்துக்கு 50 சென்ட் மட்டுமே. சோதனையாகத் தொடங்கி, பின்னர் நிரந்தரமாக்கப்பட்டது. இதனால் நகர மையத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள இப்ஸ்விச்சில் அறை எடுத்தாலும் பயணச் செலவு கூடுவதில்லை. வாடகையோ கணிசமாகக் குறைகிறது. ஏற்காடு மலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளை நாள்தோறும் பேருந்தில் ஏறி இறங்கி வேலைக்குப் போன எனக்கு ஒரு மணி நேர ரயில் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் உணவகச் சமையலறையில் இரவுப் பணி முடித்து வருபவர் கடைசி ரயிலின் நேரத்தைப் பார்த்த பிறகே புறநகரில் அறை பார்க்க வேண்டும். அதைத் தவறவிட்டால் ஒரே ஒரு டாக்ஸி கட்டணம் அந்த வாரம் மிச்சப்பட்டதையெல்லாம் கொண்டுபோய்விடும்.

தனி வீடு எடுப்பதை இந்த விசாவில் நான் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டு முகவர்கள் சம்பளச் சீட்டையும் முந்தைய வாடகை வரலாற்றையும் பார்க்கிறார்கள்; புதிதாக வந்தவரிடம் இரண்டும் இருக்காது. கிடைத்தாலும் ஒப்பந்தம் ஆறு மாதமோ ஓராண்டோ இருக்கும். பொதுவாக ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்ய இந்த விசாவில் இடமில்லை என்பதால் வேலையோடு ஊரும் மாறக்கூடும். ஒப்பந்தத்தின் முதல் கால் பகுதி முடிவதற்குள் வெளியேறினால், வேறு ஆளுக்கு வாடகைக்கு விடும் செலவாக நான்கு வார வாடகை வரை கேட்கலாம். காலம் செல்லச் செல்ல அது ஒரு வாரம் வரை குறையும். முன்னறிவிப்பு கொடுத்துக் கிளம்பக்கூடிய கூட்டு வீட்டு அறைக்கு வாரம் இருபது டாலர் கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை.

இரண்டாம் ஆண்டு விசா வேண்டுமென்றால், குறிப்பிட்ட பகுதிகளில் குறிப்பிட்ட வேலைகளை மூன்று மாதம் செய்திருக்க வேண்டும். அதற்காகச் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் மெக்கடாமியா என்ற கொட்டையும் விளையும் பண்டபெர்க் பக்கம் போனபோது, தோட்ட வேலையையும் படுக்கையையும் சேர்த்துத் தரும் ஒரு விடுதியில் இருந்தேன். மழையால் வேலை நின்ற நாட்களிலும் படுக்கைக் கட்டணம் நிற்கவில்லை. வேலை உறுதி என்று சொல்லி வரவழைத்தவர்கள், வந்தபின் பட்டியலில் காத்திருக்கச் சொன்னார்கள். கூலியிலிருந்து தங்கும் செலவைப் பிடிப்பதானால் நம் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும் என்பதை அங்கே பலரும் அறிந்திருக்கவில்லை. பண்டபெர்க்குக்குத் தெற்கே உள்ள சில்டர்ஸ் என்ற சிற்றூரில் 2000 ஜூன் 23 அன்று இப்படி ஒரு பயணியர் விடுதி தீ வைக்கப்பட்டு எரிந்ததில் 15 பேர் இறந்தார்கள். அதன் பிறகே அம்மாநிலத்தில் மலிவுத் தங்குமிடங்களுக்கான தீப்பாதுகாப்பு விதிகள் கடுமையாயின. விடுதியில் பெட்டியை வைத்ததும் வெளியேறும் வழி எங்கே, அது பூட்டாமல் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

கிளம்பும்போது அறையைத் துடைத்துச் சுத்தம் செய்து, முதல் நாள் எடுத்த அதே கோணங்களில் மீண்டும் படம் எடுத்துக்கொண்டு, பிணைத் தொகைக்கான கோரிக்கையை வீட்டுக்காரருக்காகக் காத்திருக்காமல் நாமே ஆர்.டி.ஏ.வின் இணையதளத்தில் தொடங்கலாம். அந்தப் பணமும் கடைசிச் சம்பளமும் வந்து சேரும் வரை ஆஸ்திரேலிய வங்கிக் கணக்கை மூடக் கூடாது. இரண்டாம் ஆண்டுக்குத் திரும்பிச் செல்லும் எண்ணம் உள்ளவர்கள் வாடகை செலுத்திய விவரத்தையும் வீட்டுக்காரரிடமிருந்து ஒரு பரிந்துரைக் கடிதத்தையும் புறப்படும் முன்பே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை அறை கேட்டுப் போகும்போது, இதற்கு முன் எங்கே இருந்தீர்கள், அவரிடம் விசாரிக்கலாமா என்றுதான் முதலில் கேட்பார்கள்.