எங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல புதன்கிழமை தடுப்பூசி: எங்க அனுபவம்

பாப்பாவுக்கு ஒன்பதாம் மாச ஊசி போன வாரம்தான் முடிஞ்சுது, ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுட்டே இருந்தது, இப்பதான் உக்கார நேரம் கிடைச்சுது. திருச்சியிலேர்ந்து முக்கால் மணி நேரம் பஸ்ல வந்தா எங்க ஊர். ஊர் பேரு, ஆஸ்பத்திரி பேரு எதுவும் போடல, ஏன்னா குறையும் சொல்லப் போறேன், அங்க வேலை பாக்குற யாருக்கும் இதனால தொந்தரவு வர வேண்டாம். அஞ்சுக்கு நாலு ஸ்டார். அந்த ஒரு ஸ்டார் ஏன் குறைஞ்சுதுன்னு கீழ வரும்.

முதல்ல நாங்க கவர்ன்மெண்ட்டுக்குப் போகல. பொறந்தப்போ போடுற பிசிஜி (காசநோய்க்கான ஊசி), போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை ஊசி மூணும் பிரசவம் ஆன இடத்துலயே முடிஞ்சுது. ஆறாவது வாரத்துக்கு டவுன்ல ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம், வலி இல்லாத ஊசின்னு எல்லாரும் சொன்னாங்க, ஏசி, பொம்மை எல்லாம் இருந்துச்சு. டாக்டர் கார்டப் பாத்தாரு, புள்ளைய ஒரு தடவை திருப்பிப் பாத்தாரு, மூணு நிமிஷம்தான். எங்க வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டாரு, "சார், ஒரே நாள்ல இத்தனை ஊசி எதுக்கு, பிரிச்சுப் போடக் கூடாதா"ன்னு. "எல்லாம் கம்பல்சரி சார், போட்டுத்தான் ஆகணும்"னு சொல்லிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுட்டாரு. பில்லு ஒன்பதாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி.

பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகல, காய்ச்சல் கூட வரல. ஆனா இவருக்கு அந்த கம்பல்சரிங்கற வார்த்தை நெஞ்சுல தைச்சுடுச்சு. என் புள்ளைக்கு என்ன போடுறாங்கன்னு நான் கேக்கக் கூடாதான்னு ராத்திரி பூரா போன்ல தேட ஆரம்பிச்சாரு. தேடுனா என்ன வரும்னு உங்களுக்கே தெரியும், ஊசி போட்டா ஆட்டிசம் வரும்ங்கற பழைய கதையும் வந்துச்சு. அந்தக் கதை 1998ல ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையில கிளம்புனது, அது தப்புன்னு 2010ல அதை வெளியிட்ட பத்திரிகையே திரும்பப் பெற்றுக்கிச்சு, டென்மார்க்குல ஆறரை லட்சம் குழந்தைகளைப் பாத்து அப்படி ஒரு தொடர்பே இல்லைன்னும் சொல்லிட்டாங்க. ஆனா வாட்ஸப்புல முதல் பாதி மட்டும்தான் சுத்துது. பத்தாவது வாரம் வந்துச்சு, இவரு "இப்ப வேணாம், யோசிக்கலாம்"னாரு. மூணு வாரம் தள்ளிப் போச்சு. இவரு பொறுப்பில்லாத அப்பா கிடையாது, பாப்பாவுக்குப் பல்லு முளைக்கிறதுக்கு முன்னாடியே அவ பேர்ல போஸ்ட் ஆபீஸ்ல செல்வமகள் கணக்கு ஆரம்பிச்சவரு. பயம்தான். பயந்த ஆளுகிட்ட போட்டுத்தான் ஆகணும்னு சொன்னா அவன் இன்னும் பின்னாடிதான் போவான்.

இந்த நேரத்துலதான் எங்க ஊர் சுகாதார நிலையத்து நர்ஸம்மா வீட்டுக்கு வந்தாங்க. கர்ப்பத்தை அரசுல பதிஞ்சப்போ கொடுத்த பிக்மி நம்பர வச்சு எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கின்னு அவங்க கையில லிஸ்ட் இருக்கும், தனியார்ல முதல் ஊசி போட்டதும் அடுத்தது போடாததும் அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. இவரு வாசல்லயே நின்னு, சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு யாரையும் கட்டாயப்படுத்த முடியாதுன்னு, அப்படின்னு ஆரம்பிச்சாரு. அது 2022 மே மாசம் வந்த தீர்ப்பு, கொரோனா தடுப்பூசி பத்துனது, ஒருத்தர் விருப்பம் இல்லாம அவர் உடம்புல ஊசி போட முடியாதுன்னு சொன்னது உண்மைதான், அதே தீர்ப்புல பொது நலனுக்காக நியாயமான கட்டுப்பாடு வைக்கலாம்னும் இருக்கு, அதை நான் அப்புறம்தான் படிச்சேன். நர்ஸம்மா தீர்ப்பு பத்தி ஒண்ணும் பேசல. "கட்டாயம்லாம் ஒண்ணும் இல்ல தம்பி, உங்க புள்ள, நீங்க கேக்காம வேற யாரு கேப்பா. புதன்கிழமை வாங்க, போட வேணாம், சும்மா வந்து பாருங்க, என்ன கேக்கணுமோ என்கிட்ட கேளுங்க"ன்னாங்க. அவ்வளவுதான். ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டுப் போயிட்டாங்க.

உள்ள கட்டில்ல உக்காந்து எல்லாத்தையும் கேட்டுட்டு இருந்தது அப்பாயி, இவரோட அப்பாவப் பெத்தவங்க, எண்பது தாண்டிடுச்சு. இடது கையில தோளுக்குக் கீழ ரெண்டு வட்டத் தழும்பு, ரெண்டு ரூபா காசு அகலத்துக்கு, உள்ள சுருங்கிப் போய் இருக்கும், பாப்பா அதைத் தடவிக்கிட்டேதான் தூங்கும். அது பெரியம்மைக்குக் குத்துன தழும்பு. அந்தக் காலத்துல அம்மை குத்துறவங்க வந்தா புள்ளைங்களை வைக்கப்போருக்குப் பின்னாடி ஒளிச்சு வைப்பாங்களாம், அப்பாயியக் கண்டுபிடிச்சு ரெண்டு பேரு அமுக்கிப் பிடிச்சு, சக்கரம் மாதிரி பல்லு இருக்கற ஒரு கருவிய வச்சுத் திருகுனாங்களாம். எழுபது வருஷம் ஆச்சு, இன்னைக்கும் அதைச் சொல்லும்போது அவங்களுக்குக் கோவம் வருது. "மாட்டுக்குச் சூடு போடுற மாதிரி புடிச்சானுவ"ன்னு சொல்லுவாங்க. அதே மூச்சுல சொல்றாங்க, "எங்க அண்ணன் ஒளிஞ்சுக்கிட்டான், அவன் குத்திக்கல, அம்மை கண்டு போயிட்டான்". இதுக்கு மேல இவருகிட்ட அவங்க ஒண்ணும் சொல்லல, புதன்கிழமை காலையில பாப்பாவுக்குச் சட்டை மாத்தி வச்சுட்டு உக்காந்திருந்தாங்க.

1975க்கு அப்புறம் நம்ம நாட்டுல பெரியம்மை இல்ல, அதனாலதான் என் கையிலயும் இவரு கையிலயும் அந்தத் தழும்பு இல்ல. எங்களுக்கு அந்த ஊசி வேணாம்னு சொல்ற சுதந்திரம் கூட தேவைப்படல, ஏன்னா அதுக்கு முந்துன தலைமுறை குத்திக்கிட்டு முடிச்சு வச்சுட்டாங்க. ஆனா அவங்களை அமுக்கிப் பிடிச்சதும் நியாயம்னு என்னால சொல்ல முடியல.

இப்ப சர்வீஸுக்கு வரேன். புதன்கிழமை காலை ஒன்பதரைக்கெல்லாம் போயிடுங்க, பத்தரைக்கு மேல கூட்டம். கார்டு கொடுத்தா நம்பர் போட்டுக் கொடுப்பாங்க, எடை பாப்பாங்க, அப்புறம் ஊசி ரூம். இவரு உள்ள வரலாமான்னு தயங்கி நின்னாரு, நர்ஸம்மாவே கூப்பிட்டாங்க. மருந்து இருக்கற ஃப்ரிட்ஜு நம்ம வீட்டு ஃப்ரிட்ஜு மாதிரி இல்ல, மேல மூடி திறக்கறது, உள்ள ரெண்டுலேர்ந்து எட்டு டிகிரிக்குள்ள இருக்கணும், காலையும் சாயந்தரமும் எவ்வளவு இருந்துச்சுன்னு எழுதுற நோட்டு பக்கத்துல தொங்குது. பென்டாங்கற தடுப்பூசி மருந்து பாட்டில எடுத்து இவரு கையிலயே கொடுத்தாங்க. லேபிள்ல ஒரு வட்டம், வட்டத்துக்குள்ள சின்னதா ஒரு சதுரம். சதுரம் வட்டத்தை விட வெளுப்பா இருந்தா மருந்து நல்லா இருக்கு, சூடு பட்டா அந்தச் சதுரம் கொஞ்சம் கொஞ்சமா கருத்துக்கிட்டே வரும், வட்டத்தோட நிறத்துக்கு வந்துடுச்சுன்னா அதைப் போடக் கூடாது. இவரு ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிச்சு அரை நிமிஷம் பாத்தாரு. வெளுப்பா இருந்துச்சு. ஒன்பதாயிரம் கொடுத்த இடத்துல இது இருக்காதுன்னு நான் சொல்லல, அங்கயும் இருந்திருக்கும், எங்களுக்கு யாரும் காட்டல.

அப்புறம் இவரு கேட்டாரு பாருங்க, நானே பயந்துட்டேன். "2008ல திருவள்ளூர்ல தட்டம்மை ஊசி போட்டு நாலு குழந்தை செத்துச்சே, அதுக்கு என்ன சொல்றீங்க"ன்னு. ரூம்ல வேற அம்மாங்களும் இருக்காங்க. நர்ஸம்மா மறைக்கல. ஆமா தம்பி நடந்துச்சு, நான் வேலைக்குச் சேந்த புதுசு, ராத்திரி தூக்கம் இல்லன்னாங்க. அதுக்கப்புறம்தான் ஊருக்குள்ள போய்ப் போடுறத நிறுத்தி, டாக்டர் இருக்கற சுகாதார நிலையத்துல வச்சுப் போடச் சொன்னாங்கன்னு சொல்லி, மேசை மேல இருந்த ஒரு சின்னப் பெட்டியத் திறந்து காமிச்சாங்க, ஒவ்வாமை வந்தா உடனே போடுற அட்ரினலின் மருந்து அதுல இருக்கு. "அதுக்குத்தான் அரை மணி நேரம் உக்காரச் சொல்றேன், நீங்க எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடுறீங்க". ஒரே நாள்ல ஏன் இத்தனைங்கறதுக்கும் பதில் சொன்னாங்க, பென்டாங்கறது அஞ்சு நோய்க்கு ஒரே குத்து, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, மஞ்சள் காமாலை பி, அப்புறம் மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் உண்டாக்குற ஒரு கிருமி, முன்னாடி தனித்தனியா குத்துனத சேத்துதான் குத்து கம்மி ஆயிருக்கு, 2011 கடைசியில நாட்டுலயே முதல்ல தமிழ்நாட்டுலயும் கேரளாவுலயும்தான் இதை ஆரம்பிச்சாங்கன்னு. தள்ளிப்போன மூணு வாரத்துக்கு முதல்லேர்ந்து போட வேண்டியதில்ல, விட்ட இடத்துலேர்ந்து போட்டாப் போதும்னும் சொன்னாங்க, அது எங்களுக்குப் பெரிய நிம்மதி.

இவரு கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "போடுங்க சிஸ்டர்"னு அவரே பாப்பாவ மடியில வச்சுக்கிட்டாரு.

அன்னைக்கு ராத்திரி காய்ச்சல் வந்துச்சு, மறைக்க விரும்பல. தனியார்ல போடுற வலியில்லா ஊசியில காய்ச்சல் கம்மி, கவர்ன்மெண்ட்டு பென்டாவுல காய்ச்சலும் தொடையில வீக்கமும் கொஞ்சம் கூடதான், ஆனா கக்குவான் இருமலுக்கு இது கொடுக்கற பாதுகாப்பு கூட நாள் நிக்கும்னு சொல்றாங்க. பாராசிட்டமால் சொட்டு எத்தனைன்னு எழுதிக் கொடுத்திருந்தாங்க, எண்ணெய் தேய்ச்சு உருவி விடாதீங்கன்னு அத்தைகிட்ட தனியா சொல்லி அனுப்பியிருந்தாங்க, மறுநாள் சாயந்தரம் சரியாப் போச்சு. காசு? ஒரு பைசா இல்ல. நிமோனியாவுக்குப் போடுற பிசிவி உள்பட எல்லாம் ஃப்ரீ, அது 2021லேர்ந்துதான் இங்க அரசு அட்டவணையில வந்துச்சு.

இனி அந்த ஒரு ஸ்டார். வெளிய நிழல் பத்தாது, பால் கொடுக்க ஒதுக்குப்புறமா ஒரு இடம் இல்ல, இதெல்லாம் கூடப் பொறுத்துக்கலாம். ரிஜிஸ்டர் எழுதுற இடத்துல கார்டத் தொலைச்சுட்டு வந்த ஒரு பொண்ண எல்லார் முன்னாடியும் திட்டுனாங்க, அது பேசாம திரும்பிப் போயிடுச்சு, நர்ஸம்மா ஆள் அனுப்பிக் கூப்பிட்டு வந்தாங்க. இதை விடப் பெரிசு ஒண்ணு இருக்கு. எங்க எதிர் வீட்டுல ஒரு அக்கா, ரெண்டாவது பையனுக்கு ஒரு வயசு, பென்டாவோட நிறுத்திட்டாங்க. அவங்க வீட்டுக்கு வேற யாரோ களப்பணிக்கு வந்தவங்க, ஊசி போடலேன்னா ரேஷன் கார்டுலேர்ந்து பேர எடுத்துடுவோம்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. அப்படி ஒரு சட்டமே கிடையாது. தடுப்பூசித் திட்டம் விருப்பத்தின் பேர்லதான் நடக்குது, மகப்பேறு நிதி 18,000ல சில தவணைய ஊசிப் பதிவு பாத்துக் கொடுக்கறாங்க, அது ஊக்கம், அது வேற. இந்த மிரட்டலக் கேட்டு அந்த அக்காவோட வீட்டுக்காரர், நாங்க அண்ணன்னு கூப்பிடுறவரு, ரேஷன் கடைக்கே போய் விசாரிச்சுட்டு, பொய்ன்னு தெரிஞ்சதும், இதுல பொய் சொன்னவங்க மருந்துல மட்டும் உண்மை சொல்லுவாங்களான்னு கேட்டாரு. அவருக்கு என்ன பதில் சொல்றது? 2017ல தட்டம்மை ரூபெல்லா ஊசிய ஸ்கூல் ஸ்கூலா போட்டப்பவும் வாட்ஸப் வதந்தில நிறையப் பேரு புள்ளைய வீட்டுல நிறுத்துனாங்க, எங்க அக்காவும் நிறுத்துனா, மறுபடி கூப்பிட்டு உக்கார வச்சு டாக்டர் பேசுன ஸ்கூல்லதான் அவ பையனுக்குப் போட்டா.

ஆனா அந்த அண்ணன்கிட்டயும் எனக்கு ஒரு வருத்தம் இருக்கு, அதையும் எழுதிடுறேன். என் புள்ள என் இஷ்டம்ங்கறாரு. என் உடம்பு என் இஷ்டம்னா எனக்குப் புரியுது, ஒரு வயசுப் பையனோட உடம்பு அவரோடது இல்லையே, அவன் வளந்து கேக்குற வரைக்கும் நம்ம கையில கொடுத்து வச்சிருக்கறது. அதுவும் தட்டம்மை அந்த வீட்டோட நிக்காது. தட்டம்மை வந்தவங்க இருந்துட்டுப் போன ரூம்ல ரெண்டு மணி நேரம் வரைக்கும் அந்தக் கிருமி காத்துல இருக்கும், எதிர்ப்பு சக்தி இல்லாத பத்துப் பேர் பக்கத்துல இருந்தா ஒன்பது பேருக்கு வந்துடும். நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேர் போட்டாத்தான் அது ஊருக்குள்ள பரவாம நிக்கும். 2022ல மும்பையில தட்டம்மை வந்து குழந்தைங்க செத்துச்சே. இங்க அந்த ஊசி ஒன்பது மாசம் முடிஞ்சாத்தான், அதுக்கு முன்னாடி பாப்பா முழுக்க முழுக்க அக்கம் பக்கத்து வீட்டை நம்பித்தான் இருந்தா. அந்தப் பையன் தினமும் எங்க வீட்டுத் திண்ணையிலதான் விளையாடுவான், போகச் சொல்ல மனசு வராது, அவன் தும்முனா நான் பாப்பாவத் தூக்கிட்டு உள்ள போயிடுவேன், நாலு மாசம் இப்படியே போச்சு, அந்த அக்காவுக்கு அது புரிஞ்சு முகம் வாடிடும்.

போன புதன்கிழமை மூணு குத்தும் ஒரு விட்டமின் ஏ சிரப்பும். தட்டம்மை ரூபெல்லா மருந்தக் கலக்குனதும் நர்ஸம்மா பேனாவால பாட்டில் மேல மணி எழுதுனாங்க, 10.10ன்னு, நாலு மணி நேரத்துக்கு மேல ஆச்சுன்னா மிச்சம் இருந்தாலும் கொட்டிடணுமாம். வலது கையில போட்டாங்க. பாப்பா வீல்னு கத்திட்டு, வெளிய வந்து வேப்பமரத்துக் காக்காயப் பாத்ததும் நிறுத்திட்டா. இவரு அரை மணி நேரம் போன்ல டைம் வச்சு உக்காந்திருந்தாரு, பக்கத்துல கிளம்பப் பாத்த ஒரு தம்பியையும் உக்கார வச்சாரு.

போறவங்க கார்ட மறக்காதீங்க, ஒரு போட்டோ எடுத்து போன்லயும் வச்சுக்கோங்க, குழந்தைக்குத் தளர்வான சட்டை போடுங்க, தண்ணி எடுத்துட்டுப் போங்க. தனியார்ல ஆரம்பிச்சுட்டோமேன்னு தயங்க வேணாம், நடுவுலேர்ந்து இங்க வரலாம். கேள்வி இருந்தா கூட்டம் குறையற பதினொண்ணரைக்கு மேல கேளுங்க, அப்பத்தான் நின்னு பதில் சொல்ல முடியுது அவங்களுக்கு.

எங்களுக்கு அடுத்தது பதினாறாம் மாசம். அதுக்கு முன்னாடி வர்ற புதன்கிழமை எதிர் வீட்டு அக்கா கூட நான் போறேன், ரேஷன் கார்டு விஷயம் பொய்ன்னு நர்ஸம்மாவே அந்த அண்ணன்கிட்ட போன்ல சொல்லி மன்னிப்பும் கேட்டுட்டாங்க, அவங்க சொல்லாததுக்கு அவங்க கேட்டாங்க. அந்த அண்ணன் வர்றேன்னு சொல்லல. வேணாம்னும் சொல்லல, வண்டிக்குப் பெட்ரோல் போட்டு வச்சிருக்காருன்னு அக்கா சொல்லுச்சு.