உப்புக்காற்றில் உழைக்கும் மடிப்புக் கட்டில்

முகாம் போகக் கட்டில் வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது எத்தனை கிலோ தாங்கும் என்பதைத்தான். பெட்டியில் 120, 150 என்று போட்டிருக்கும். அது பெரும்பாலும் நீட்டி நிமிர்ந்து அசையாமல் படுத்திருக்கும் ஆளுக்கான கணக்கு. ஓரத்தில் பொத்தென்று இருந்து பாருங்கள், முழுப் பாரமும் கட்டிலின் ஒரு மூட்டில் இறங்கும். அதனால் நான் மூட்டைத்தான் பார்ப்பேன்.

என்னிடம் இருப்பது அலுமினியக் குழாயும் 600டி (நூலின் தடிப்பைச் சொல்லும் டெனியர் அளவு) பொலியெஸ்டர் துணியும் கொண்டது. சில வருடங்களாக யாழ்ப்பாணப் பக்கத்துக் கடற்கரைகளான காரைநகர் கசூரினா, மணற்காடு, நெடுந்தீவு என்று கொண்டு திரிகிறேன். அலுமினியம் துருப்பிடிக்காது என்பார்கள், சரிதான். ஆனால் கால்கள் குறுக்கிடும் இடத்தில் இருக்கிற ரிவெட் இரும்பு. உப்பீரம் பட்டால் இரண்டு உலோகமும் சேரும் இடத்தில் அலுமினியம் அரிபட்டு, ரிவெட்டைச் சுற்றி வெள்ளையாய்ப் பொடி பூக்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுவேன். மூட்டு இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது. துணியும் கிழியவில்லை. தையல் நூல்தான் வெயிலில் உக்கிப்போனது. பை தைக்கிறவரிடம் கொடுத்து நைலோன் நூலால் இரட்டைத் தையல் போட்டாயிற்று.

மணற்காட்டு மணலில் தனித்தனிக் குமிழ் வைத்த கால்கள் புதைந்து, விடியும்போது கட்டில் ஒரு பக்கம் சரிந்திருக்கும். நிலத்தோடு கிடைக்குழாய் படுகிற கால் என்றால் அவ்வளவு இறங்காது. என்னுடையது அந்த வகை. மற்றதை வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு காலுக்கும் பலகைத் துண்டு கொடுக்கலாம்.

காற்று மெத்தை மெத்தென்றுதான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் நெருஞ்சி முள்ளுக்கும் சவுக்கங்காய்க்கும் அதன் மேல் இரக்கம் கிடையாது. பகல் சூட்டில் விம்மி, இரவில் குளிர்ந்து தொய்ந்தும் போகும். நெடுந்தீவின் கல்லு நிலத்தில் அதை விரிக்க எனக்கு மனம் வராது. கட்டிலைப் பார்த்து, "மச்சான், ஆஸ்பத்திரி வார்டு மாதிரிக் கிடக்கு" என்று நக்கலடித்தவன் இரவு தன் மெத்தை காற்றுப்போன பிறகு என்னிடம் போர்வை கேட்டான்.

தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காலத்தில் அடியால் காற்று ஓடுவது சுகம். மார்கழி வாடையில் அதே காற்று முதுகைக் குளிரவைக்கும். மேலே எத்தனை போர்வை போர்த்தாலும் பயனில்லை, முதுகுக்கடியில் பாயோ தடித்த விரிப்போ வேண்டும்.

குறைகளும் உண்டு. ஆறு ஏழு கிலோ பாரத்தைக் நெடுந்தீவுக்குப் படகேறும் குறிகட்டுவான் துறையில் படகு ஏற்றி இறக்குவது சள்ளை. அகலம் 65 சென்டிமீற்றர் என்பதால் புரண்டு படுக்கிறவர்களுக்குக் கை வெளியே தொங்கும். அவர்கள் 75க்குக் குறைய வாங்க வேண்டாம். தலைமாட்டுக் குறுக்குக் கம்பியைப் புதிதில் மாட்ட இரண்டு பேர் வேண்டும். துணி கொஞ்சம் இளகிய பிறகு ஒருவரே முழங்காலால் அழுத்தி மாட்டிவிடலாம்.