ஓல்ட் வேர்ல்ட் விஸ்கான்சின்: பார்ன் பார்க்கவே ஒரு நாள் போகலாம்

சிகாகோவிலிருந்து காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஈகிள் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில், காட்டுக்குள் இருக்கிறது இந்தத் திறந்தவெளி அருங்காட்சியகம். 1976-இல் திறந்தார்கள், விஸ்கான்சின் வரலாற்றுக் கழகம் நடத்துகிறது. 19-ஆம் நூற்றாண்டில் வந்து குடியேறியவர்கள் கட்டிய வீடு, பார்ன் (கதிர், புல், மாடு எல்லாம் வைக்கும் பெரிய பண்ணைக் கொட்டகை), பட்டறை எல்லாவற்றையும் மாநிலத்தின் பல மூலைகளிலிருந்தும் உத்தரம் உத்தரமாகப் பிரித்து, கொண்டுவந்து, இங்கே மறுபடி பொருத்தியிருக்கிறார்கள்.

பெரும்பாலோர் கொல்லன் பட்டறைக்கும் பழைய கடைத்தெருவுக்கும் போகிறார்கள். நான் போனது பார்னுக்காக. காரை விட்டு இறங்கியதும் என் மகள் கேட்ட கேள்வி: "சிவப்பு பார்ன் எங்கம்மா?" படப் புத்தகம் செய்த வேலை. நாங்கள் சுற்றிய பண்ணைகளில் பழைய பார்ன்கள் சாயமே காணாமல், வெயிலும் பனியும் பட்டுச் சாம்பல் நிறத்தில் நின்றன. ஆளி விதை எண்ணெயில் துருப்பொடியைக் கலந்து பூசும் சிவப்பு மலிவானது. அது ஊரெல்லாம் பரவியது பிற்பாடுதான்.

ஜெர்மன் பண்ணையில்தான் அதிக நேரம் போனது. சதுரமாகச் செதுக்கிய மரச்சட்டம், துளைக்குள் நாக்கு நுழைத்து மர ஆப்பு அடித்த மூட்டு, சட்டங்களுக்கு நடுவே மண்பூச்சு. ஓர் ஆப்பின் முனை விரல் நீளத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அதைச் சீவிவிடலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை போல. எனக்கு அது பிடித்திருந்தது. இந்த வகைப் பார்னில் நடுவில் வண்டி நுழையும் அகலத்துக்குக் களம், பக்கங்களில் கதிரும் புல்லும். எங்கள் ஊரில் களம் தனி, தொழுவம் தனி, வைக்கோல்போர் தனி. மாதக்கணக்கில் பனி மூடும் இடத்தில் அப்படி முடியுமா? குளிர்காலம் முழுக்க உள்ளேயே நின்று தடியால் கதிரடித்திருக்கிறார்கள்.

ஃபின்லாந்துக்காரர்கள் தாமதமாக வந்தவர்கள். நல்ல நிலம் போய்விட்டது. சுரங்கத்திலும் மரம் வெட்டும் முகாமிலும் உழைத்துவிட்டு, வடக்கே மரம் வெட்டி முடிந்த அடிக்கட்டைக் காட்டை வாங்கினார்கள். அவர்களுடைய புல் கொட்டகையின் சுவரில் கட்டைக்கும் கட்டைக்கும் இடையே என் கை நுழையும் அளவு சந்து. கட்டத் தெரியாததால் அல்ல. அவர்கள் வீட்டுச் சுவரைப் பாருங்கள், கத்தி நுழையாது. அரைகுறையாகக் காய்ந்த புல்லுக்குக் காற்று வேண்டும், இல்லாவிட்டால் உள்ளுக்குள் சூடேறிக் கெட்டுவிடும்.

இவ்வளவு வித்தியாசமும் மங்கியதற்குக் கோதுமை ஒரு காரணம். விளைந்து விளைந்து மண் களைத்தது, பூச்சியும் சேர்ந்துகொண்டது. 1870, 80-களில் விஸ்கான்சின் விவசாயிகள் பால் மாட்டுக்கு மாறினார்கள். கதிரடிக்கும் களம் தேவையற்றுப் போக, கீழே மாடு, மேலே மலைபோல் புல், பக்கத்தில் சைலோ (தீவனம் சேமிக்கும் உயரமான கோபுரம்) என்று எல்லோர் பார்னும் ஒரே ஜாடைக்கு வந்தது. விதிவிலக்கும் உண்டு: எர்ன்ஸ்ட் கிளாசிங் என்ற ஜெர்மன்காரர் 1897-இல் மெகுவானில் கட்டிய எண்கோண பார்ன் இங்கேதான் இருக்கிறது. உள்ளே நின்று கூரையை அண்ணாந்து பாருங்கள்.

ஒரு பண்ணைக்கும் அடுத்ததற்கும் நல்ல நடை. நான் புதுச் செருப்போடு போய்க் கொப்புளத்தோடு திரும்பினேன்; தப்பு என்னுடையது. குளிர்காலத்தில் நம்பிப் போகாதீர்கள், திறந்திருக்கும் நாட்களைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பாதி நாள் போதாது. கடைத்தெருவை வேண்டுமானால் விட்டுவிடலாம், ஃபின்லாந்துப் பண்ணையை விடாதீர்கள்.

திரும்பும் வழியில் நெடுஞ்சாலை ஓரம் ஒரு சிவப்பு பார்ன் வந்தது. கூரை பாதி உள்ளே விழுந்திருந்தது, சைலோ மட்டும் நேராக நின்றது. மகளை எழுப்பிக் காட்டலாம் என்று திரும்பினேன், நல்ல தூக்கம்.