இலையைப் பிடுங்கிக்கொண்டு போங்கள்: விவசாய விரிவாக்க சேவையோடு 13 வருடத்துக்கு மேல்

2011இல் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து எங்கட காணிக்குத் திரும்பி வந்தபோது கிணற்றடியில் இரண்டு தென்னை மட்டும் நின்றது. இரண்டுக்கும் வட்டு, அதாவது தலைப்பகுதி, இல்லை. வளவுக்குள் பங்கர் வெட்டிய கிடங்கு ஒன்று. கையில் நிவாரணத்தோடு தந்த மண்வெட்டியும் கத்தியும். விவசாயப் போதனாசிரியர் என்று ஒருவர் முதன்முதலாக எங்கட படலையில் வந்து நின்றது அந்த வருடக் கடைசியில்தான். அந்தப் பங்கர் கிடங்கைத் தூர்க்க வேண்டாம், குழையும் சாணமும் போட்டுக் கூட்டெருவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அது இன்றைக்கும் எருக்கிடங்குதான்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு உட்கிராமம். வீட்டுத்தோட்டம், வயல், பிள்ளைகளின் சாப்பாடு, பிறகு மகனின் தொழில் என்று போதனாசிரியர்களின் இந்த விரிவாக்க சேவையை, அதாவது பயிர் ஆலோசனையும் பயிற்சியும் தருகிற சேவையை, விடாமல் பயன்படுத்தி வருகிறேன். புதிதாகக் காணி செய்ய வருகிறவர்கள், "உதால ஏதும் பிரயோசனம் இருக்கா அக்கா?" என்று கேட்கிறார்கள். இருக்கிறது. ஆனால் எது பிரயோசனம் என்று எனக்குப் பிடிபட நாலைந்து வருடம் எடுத்தது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். கமநல சேவை நிலையம் வேறு, மாகாண விவசாயத் திணைக்களம் வேறு. மானியப் பசளை, வயற்காணிப் பதிவு, கமக்கார அமைப்பு, சிறுகுளங்கள் எல்லாம் கமநலத்தின் வேலை. பயிருக்கு வருத்தம் என்றால், புது இனம் வேண்டும் என்றால், பயிற்சி என்றால், நாங்கள் ஏ.ஐ. என்று கூப்பிடும் போதனாசிரியரிடம் போக வேண்டும். முதல் இரண்டு வருடமும் நான் பயிர் வருத்தத்தைக் கமநலத்திலும் பசளைக் கதையை ஏ.ஐ.யிடமும் கேட்டு அலைந்திருக்கிறேன்.

இலவசமாக வந்த பொருட்களைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. விதைப் பைக்கற்றுகள் மழை தொடங்கிக் கன நாள் போனபின் வந்தன. ஒருமுறை தையில், மழை முடிகிற நேரம். எங்கட வெக்கைக்கு நின்றுபிடிக்காத கரட் விதையும் அதற்குள் இருந்தது. பைக்கற்றில் தமிழில் ஒரு வரி இல்லாததால் எத்தனை அங்குல இடைவெளி, எந்த மாதம் என்று தெரியாமல் விதைத்தவர்கள் எங்கட ஒழுங்கையிலேயே பலர். கொடுத்த கோழிக்குஞ்சுகளில் பாதியைக் கீரி தின்றது. கூடு போடக் கம்பி வலை கேட்டோம், அது வரவே இல்லை.

அதனால் சலித்துப்போய் நான் ஒதுங்கியிருந்த காலம். காலபோக, அதாவது மாரிமழைப் போக, நெல் வெட்டிய வயலில் ஈரம் காய முதல் பயறு விதைத்தோம். மூன்றாம் கிழமை இலைகளில் மஞ்சள் மஞ்சளாகத் திட்டு. மருந்துக் கடைக்காரர் யூரியா குறைவு என்று சொல்லி ஒரு போத்தல் இலைப் பசளையும் விற்றார். அடித்தோம். மஞ்சள் இன்னும் பரவியது. கடைசியில் நாலு செடியை வேரோடு பிடுங்கி, கடதாசியில் சுற்றி, சைக்கிளில் கொண்டு போனேன். அப்போது புதிதாக வந்திருந்த ஏ.ஐ. ஒரு பெண், சின்ன வயது. செடியை மேசையில் வைத்துப் பார்த்துவிட்டு, "வாங்கோ அக்கா, வயலுக்கே போவம்" என்று மோட்டார் சைக்கிளை எடுத்தா.

வயலில் குந்தியிருந்து ஒரு இலையை மெதுவாகத் திருப்பி ஊதினா. இலையின் அடியிலிருந்து மாப்பொடி பறந்த மாதிரி ஏதோ எழும்பியது. வெண் ஈ. "இது பசளைக் குறையில்ல அக்கா. பசளை காணாட்டி இலை முழுக்க ஒரே மாதிரி வெளுக்கும். இது பச்சையும் மஞ்சளும் கலந்து சித்திரம் கீறின மாதிரிக் கிடக்கு, பாருங்கோ. வைரஸ். இந்த ஈதான் காவுது. இதுக்கு மருந்தே இல்ல" என்றா. மஞ்சள் கண்ட செடிகளைப் பிடுங்கிப் புதைக்க வேண்டும், அடுத்தமுறை பக்கத்து வயல்காரரும் நாங்களும் ஒன்றாக, பிந்தாமல் விதைக்க வேண்டும், விதையை நோய் இல்லாத செடியிலிருந்து எடுக்க வேண்டும். இவ்வளவுதான் சொன்னது. அந்தப் போகத்தில் பயறு பாதிக்கு மேல் போய்விட்டது. ஆனால் இலையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் எனக்கு அன்றைக்கு வந்தது. அதற்குப் பிறகு தேவையில்லாத போத்தல் ஒன்றும் நான் கடையில் வாங்கவில்லை.

அந்த மிஸ் இருந்த மூன்று வருடமும்தான் எங்கட ஊருக்குப் பொற்காலம். பிறகு மாற்றம் வந்தது. அதன்பின் நாலு பேர் வந்து போய்விட்டார்கள். இடையில் ஒரு வருடம் பக்கத்துப் பிரிவு அதிகாரி பதில் கடமை. ஒரு ஆளுக்கு இத்தனை கிராமம் என்றால் அவர் எத்தனை வயலில் குந்துவார்? ஆட்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்றுவிட்டு மிச்ச எண்ணெயில் எங்கட பக்கம் வந்தவரையும் கண்டிருக்கிறேன்.

சாப்பாட்டு விசயத்துக்கு வருகிறேன். இளையவளுக்கு 14 மாதம் ஆனபோது நிறை 7 கிலோ 200 கிராம். கிளினிக் கொப்பியில் புள்ளி செம்மஞ்சள், அதாவது நிறை குறைந்த, பட்டைக்குள் விழுந்திருந்தது. திரிபோஷா சத்துமா தந்தார்கள், உண்மையைச் சொன்னால் அதை வீட்டில் நாலு பேரும் பங்கு போட்டுத்தான் சாப்பிட்டோம். அந்த நேரம் குடும்பநல உத்தியோகத்தரும் (மருத்துவிச்சி) ஏ.ஐ.யும் சேர்ந்து பொதுநோக்கு மண்டபத்தில் ஒரு சமையல் வகுப்பு வைத்தார்கள். "கீரை கிணத்தடியில நிக்குது, பிள்ளைக்கு ஏன் ரத்தம் இல்ல?" என்று குடும்பநல அம்மா கேட்ட கேள்வி இன்னும் காதில் நிற்கிறது.

அன்றைக்குச் செய்து காட்டியவை சின்னச் சின்ன மாற்றங்கள். முருங்கையிலையைக் கடைசியில் போட்டு இரண்டு கொதியில் இறக்குவது. இறக்கிய பிறகு தேசிக்காய் பிழிவது, இரும்புச் சத்து உடம்பில் சேர அது உதவும். சோற்றோடு தேத்தண்ணி குடிக்காமல் ஒரு மணித்தியாலம் பொறுப்பது, சாயம் இரும்புச் சத்தைச் சேர விடாது. பிள்ளையின் சோற்றில் பயறும் கீரையும் மசித்து ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் விடுவது, கீரையிலும் பப்பாசியிலும் இருக்கிற விற்றமின் ஏ கொழுப்பு இல்லாமல் சேராது. குளத்து மீனைக் குழம்பில் போட்டால் முள்ளெடுத்துப் பிள்ளைக்கும் வைப்பது. எங்கட வீட்டில் மீன் அப்பாவின் கோப்பைக்குத்தான் முதலில் போகும். அதை மாற்றத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

தோட்டத்திலும் ஒரு மாற்றம். முன்னர் எல்லாப் பாத்தியிலும் ஒரே நாளில் கீரை தூவுவேன். ஒரு கிழமை தின்று தெவிட்டும், அடுத்த கிழமை ஒன்றும் இருக்காது. ஏ.ஐ. சொன்னபடி பாத்தியை நாலாகப் பிரித்து இரண்டு கிழமைக்கு ஒன்றாக விதைத்தேன். உடுப்புத் தோய்க்கிற இடத்துக்குத் தள்ளி, சவர்க்காரத் தண்ணி படாமல் பொன்னாங்காணி. வேலியில் பசளியும் முருங்கையும். ஆவணி, புரட்டாதிக் காய்ச்சலுக்குப் பாத்திக்கு வைக்கோல் மூடாக்கு. இரண்டு வயதில் மகள் 10 கிலோ 400 கிராம், புள்ளி பச்சைக்குள். கிளினிக் கவனிப்பும் இருந்தது, தோட்டமும் இருந்தது. எது எவ்வளவு என்று நான் பிரித்துச் சொல்லமாட்டேன்.

2021ஐப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்திவிட்டு, எங்களுக்குக் கூட்டெரு வகுப்பு வைத்தார்கள். வகுப்பில் சொன்னது பிழையில்லை. என் தோட்டமே எருவில்தான் நிற்கிறது. ஆனால் எரு மக்க இரண்டு மூன்று மாதம் வேண்டும், இரண்டு ஏக்கர் வயலுக்கு வேண்டிய குழையும் சாணமும் எங்கே கிடக்கிறது? கார்த்திகையில் தடையை எடுத்தார்கள், அதற்குள் எங்கட காலபோகப் பயிர் வெளிறி நின்றது. மேலே எடுத்த முடிவுக்கு வயலில் ஏச்சு வாங்கியது போதனாசிரியர்கள். எங்கட பக்கம் அந்த நம்பிக்கை திரும்பி வரவே ஒரு வருடம் எடுத்தது.

இளைஞர்களுக்கென்று வைத்த முதல் வகுப்பு மண்டபத்தில் நடந்தது. முதல்நாள் பெடியள் நிறையப் பேர், மத்தியானப் பார்சல் வேறு. மூன்றாம் நாள் ஆறு பேர். பிறகு வந்த ஒரு சேர் வகுப்பைக் கரப்பந்து கிறவுண்டுக்குக் கொண்டுபோனார், சனிக்கிழமை பின்னேரம், விளையாட்டு முடிய. 2018 காலபோகத்தில் சோளத்துக்குப் படைப்புழு வந்தபோது அந்தப் பெடியள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். புழுவின் தலையில் தலைகீழ் ஆங்கில வை எழுத்து, வால் பக்கம் சதுரமாய் நாலு கறுப்புப் புள்ளி: போனில் படம் எடுத்து சேருக்கு அனுப்பினார்கள். விடிய எழும்பி ஒவ்வொரு செடியாகக் குருத்தை விரித்து, முட்டைக் கும்பலை நசுக்கினார்கள். என் மூத்தவனும் அதில் ஒருவன். இப்போது அவனும் இரண்டு கூட்டாளிகளும் குழித் தட்டில் தும்புத்தூளும் எருவும் போட்டு மிளகாய், கத்தரி நாற்று விற்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரு பிள்ளை வவுனியா விவசாயக் கல்லூரியில் படித்து முடித்துவிட்டாள்.

மற்றவர்கள் வெளிநாடு, கொழும்பு என்று போய்விட்டார்கள். அதற்கு வகுப்பைக் குறை சொல்ல முடியாது. என் அப்பா விசுவமடு, முத்தையன்கட்டுப் படித்த வாலிபர் திட்டங்களைப் பார்த்தவர். அந்தப் பெடியளுக்கு அரசாங்கம் காணி கொடுத்தது, தண்ணி கொடுத்தது. 70களில் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் விலையும் வந்தது. இப்போது எங்கட பெடியளுக்கு அறிவு மட்டும் கொடுக்கிறார்கள். காணி பெர்மிற் தகப்பன் பெயரில், சந்தை விலை யாரோ கையில். பக்கத்து வீட்டு மாமியின் நிலை இன்னும் மோசம். பெர்மிற் காணாமல் போன கணவரின் பெயரில் இருந்ததால், பதிவில் அவ பெயர் இல்லை என்று விதைநெல் உதவி இரண்டு போகம் கிடைக்கவில்லை. வயலில் நாற்று நட்டதும் களை எடுத்ததும் அவ. இந்தச் சேவையில் என் மனம் இன்றும் ஆறாத இடம் இதுதான்.

போகப் போகிறவர்களுக்கு: ஏ.ஐ. கந்தோரில் இருக்கும் நாளை முதலே கேட்டு வையுங்கள், மற்ற நாட்களில் வெளிக்களம். வெறுங்கையோடு போக வேண்டாம். நோய் பிடித்த செடி ஒன்று, பக்கத்தில் நல்ல செடி ஒன்று, இரண்டையும் வேர் மண்ணோடு ஈரக் கடதாசியில் சுற்றுங்கள். பொலித்தீன் பையில் கட்டினால் வெந்துவிடும். விதைத்த திகதி, கடைசியாக அடித்த மருந்தின் பெயர் எழுதிக்கொள்ளுங்கள். போக வழியில்லை என்றால் 1920க்கு எடுங்கள், விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனை இலக்கம். காலபோக விதைக்கு ஆவணிக்குள் பெயர் கொடுங்கள். மழை இருட்டின பிறகு கேட்டால் வருவது தையில்தான்.