மதுரை வெயிலும் அமில டோனரும்

முகம் கழுவிய பின் பூசும் திரவம்தான் டோனர். 8 சதவீத கிளைகோலிக் அமில டோனரில் தொடங்கி, இப்போது மாண்டலிக் அமிலத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறேன். இடையே சில கோடைகள் போய்விட்டன. இணையத்தில் இந்த டோனர்களைப் பற்றி எழுதுபவர்களில் பலர் குளிர்நாட்டுக்காரர்கள். அவர்கள் சொல்வது திருப்பரங்குன்றத்திலிருந்து கோரிப்பாளையத்துக்கு அக்கினி நட்சத்திரத்திலும் ஸ்கூட்டரில் போய்வரும் மாநிறத் தோலுக்கு அப்படியே பொருந்தாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பருவைவிட, பரு விட்டுப்போகும் கறைதான் என் தொல்லை. ஹெல்மெட் பட்டை உரசும் தாடையோரத்தில் வியர்வை தேங்கிக் கடுகளவில் பருக்கள் கிளம்பும். சில நாளில் அமுங்கிவிடும். ஆனால் அந்த இடத்தில் காப்பித்தூள் நிறத்தில் ஒரு புள்ளி மாதக்கணக்கில் கிடக்கும். நம் நிறத் தோல் சிறிய எரிச்சலுக்குக்கூட மெலனின் என்ற நிறமியை அதிகமாகச் சுரந்துவிடும். கறையைப் போக்கப் பூசும் பொருளே எரிச்சலைக் கிளப்பினால் புதுக் கறைதான் மிஞ்சும். இந்த ஒன்றை மனத்தில் வைத்துத்தான் நான் எதையும் வாங்குகிறேன்.

அமிலம் தோலை அரித்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. சரியான அளவில் பூசினால், மேலே இறந்து கிடக்கும் செல்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிணைப்பை அது தளர்த்துகிறது, அவ்வளவுதான். தோல் தடித்துச் செதில் செதிலாக உரியும் நோய்க்கு இந்த அமிலங்கள் பயன்படுவதை வான் ஸ்காட், யூ என்ற இரு ஆய்வாளர்கள் 1974-இல் எழுதினார்கள். அழகுசாதனக் கடைக்கு இவை வந்தது அதற்குப் பிறகுதான். கிளைகோலிக் கரும்பில் இருப்பது, லாக்டிக் தயிரில் இருப்பது. மாண்டலிக் அமிலத்தை முதலில் கசப்பு வாதுமையிலிருந்து எடுத்தார்கள். இந்தக் குடும்பத்தில் கிளைகோலிக்கின் மூலக்கூறுதான் மிகச் சிறியது. அதனால் வேகமாக உள்ளே இறங்கும், எரிச்சலும் அதிகம். மாண்டலிக் பெரியது, மெதுவாக இறங்கும்.

மார்கழி, தை மாதங்களில் கிளைகோலிக் எனக்கு அருமையாக ஒத்துக்கொண்டது. நெற்றியில் விரலை ஓட்டினால் தட்டுப்பட்ட ரவை போன்ற சொரசொரப்பு முதலில் போனது. கறைகள் மங்க அதைவிட அதிக காலம் பிடித்தது. பங்குனி பிறந்ததும் மூக்கு மடிப்பில் ஒரு சுருக்கென்ற கூச்சம் வந்து, காலையில் தண்ணீர் பட்டாலும் தங்கியது. அப்போதுதான் 5 சதவீத மாண்டலிக்குக்கு மாறினேன். மெதுவானதுதான், ஆனால் எங்கள் கோடையை அதோடு கடக்க முடிகிறது. வாரத்தில் இரண்டு இரவு போதும். மூக்கில் துளை அடைத்துக்கொண்டால் அந்த இடத்துக்கு மட்டும் 2 சதவீத சாலிசிலிக். அது எண்ணெயில் கரைவதால் துளைக்குள் இறங்கி வேலை செய்கிறது. ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் சாலிசிலிக்கைத் தொட வேண்டாம்.

பஞ்சில் ஊற்றித் துடைப்பதை நான் விரும்புவதில்லை. பாதி டோனரைப் பஞ்சே குடித்துவிடும், உரசல் வேறு. முகத்தைக் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகு, உள்ளங்கையில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ஊற்றி ஒற்றிக்கொள்கிறேன். மூக்கு மடிப்பிலும் உதட்டோரத்திலும் முன்னதாகவே கொஞ்சம் வாசலின். டோனர் காய்ந்ததும் மாய்ஸ்சரைசர். அன்றைக்கு ரெட்டினால் என்ற வைட்டமின் ஏ பூச்சு கிடையாது, கடலை மாவு தேய்ப்பது கிடையாது. புருவம் திருத்திவந்த நாளிலும் டோனர் கிடையாது.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீர் குளியலறைக் குவளையில் வெள்ளைப் படிவு கட்டும். அதில் சோப்புப் போட்டுக் கழுவினால் தோல் இழுத்துப்பிடிக்கும். இழுக்கும் தோலில் எந்த அமிலமும் எரியும். முகத்துக்கு மட்டும் மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைக்கிறேன். சோப்புக்குப் பதில் மென்மையான ஃபேஸ்வாஷ். டோனரை மாற்றியதில் கிடைத்த பலனில் பாதி இந்த மாற்றத்திலேயே கிடைத்தது என்று உறுதியாகச் சொல்வேன்.

உசிலம்பட்டியில் இருக்கும் சித்தி மகள் கேட்டாள்: "அக்கா, எலுமிச்சம்பழமும் அமிலம்தானே? அதையே தேய்த்தால் காசு மிச்சமில்லையா?" நல்ல கேள்விதான். பி.எச். எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். ஏறத்தாழ 2. டோனர்கள் பொதுவாக 3.5-ஐ ஒட்டி இருக்கும். எண்ணில் சின்ன வித்தியாசமாகத் தெரிந்தாலும் எலுமிச்சையின் அமிலத்தன்மை பல மடங்கு கூடுதல். போதாததற்கு, எலுமிச்சை பட்ட தோலில் வெயில் விழுந்தால் தீக்காயம்போலக் கொப்பளித்துக் கறுத்துவிடக்கூடிய சேர்மங்களும் அதில் இருக்கின்றன. எலுமிச்சையைச் சர்பத்துக்கு வைத்துக்கொள் என்றேன்.

இனி வெயில். கிளைகோலிக், மாண்டலிக் போன்றவற்றைப் பூசும் காலத்தில் தோல் புற ஊதாக் கதிரை வழக்கத்தைவிடக் குறைவாகவே தாங்கும். நிறுத்திய பிறகும் ஏறக்குறைய ஒரு வாரம் அந்த நிலை நீடிக்கும். ஆகவே சன்ஸ்கிரீன் வாங்கப் பணமில்லை என்றால் டோனரும் வேண்டாம். ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் சன்ஸ்கிரீனையே வாங்குங்கள். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிதுக்கினால் வருவது முகத்துக்கும் கழுத்துக்கும் உரிய அளவு. எஸ்.பி.எஃப். 50 என்று போட்டிருந்தாலும், வியர்த்து வழியும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். சித்திரைத் திருவிழாவில் எனக்கு விடுப்பே கிடையாது. தேரோட்டம், எதிர்சேவை, அழகர் ஆற்றில் இறங்குவது என்று எங்கும் நிற்பேன். அதனால் கொடியேற்றத்துக்கு ஒரு வாரம் முன்பே டோனரை எடுத்து வைத்துவிடுகிறேன். திருவிழா முடிந்து, முகத்தில் கருப்பும் எரிச்சலும் அடங்கிய பிறகுதான் மறுபடி திறப்பது.

"நிறம் கூடுமா?" என்று கேட்பவர்களுக்குப் பதில்: கூடாது. கூட வேண்டிய தேவையும் இல்லை. கறை மங்கி, பிறந்தபோது நமக்கு வாய்த்த நிறம் தெளிவாகத் தெரியும். பருவினால் விழுந்த குழிகளையும் இது நிரப்பாது. அதற்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிய சிவப்பழகு கிரீமை மாதக்கணக்கில் பூசிவருபவர்கள் மட்டும் டோனர் வாங்கும் முன் அந்தக் குழாயில் அச்சிட்ட பெயர்களைப் படியுங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. அதில் மெலிந்துபோன தோல் அமிலத்தைத் தாங்காது. திடீரென்று நிறுத்தினாலும் முகம் சிவந்து கொதிக்கும். கிரீமைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரைப் பாருங்கள். அரசு இராசாசி மருத்துவமனையிலும் தோல் பிரிவு இருக்கிறது.