இருபது கிலோ பழைய துணி

இந்த ஜூன் மாதம் சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் புறப்பட்டபோது என் பெட்டியில் இருபது கிலோ பழைய துணி இருந்தது. எங்கள் புளோக்கில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் துவைத்து மடித்துக் கொடுத்தவை. ஒருவர் இஸ்திரிகூடப் போட்டிருந்தார். பெங்களூரில் இறங்கி, அந்த நகரத்தை வடக்கிலிருந்து தெற்குவரை ஊர்ந்து கடந்து, அத்திப்பள்ளி தாண்டி, ஓசூர் வழியாகக் கிருஷ்ணகிரிக்கு வந்து சேர்வதற்குள் விமானத்தில் உட்கார்ந்திருந்த நேரம் மறுபடியும் ஆகிவிட்டது. மாவட்டத் தலைநகராக இருந்தும் கிருஷ்ணகிரிக்கு ரயில் நிலையம் கிடையாது. 1905-இல் திருப்பத்தூரிலிருந்து ஒரு சின்ன ரயில் வந்துகொண்டிருந்ததாம். 1941-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறும்போதெல்லாம் எனக்கு அந்த ரயிலின் நினைவுதான்.

காவேரிப்பட்டணத்தில் அம்மாவோடு ஒன்றாக வேலை பார்த்த டீச்சர் ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்றபின், மாங்காய் மண்டிக்காரர்கள் சிலரையும், வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரையும் சேர்த்துக்கொண்டு ஓர் அறக்கட்டளை நடத்துகிறார். போச்சம்பள்ளி, பாரூர், நாகரசம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் கணவனை இழந்த பெண்களின் குடும்பங்களுக்கும், சம்பாதிப்பவர் படுத்த படுக்கையாகிவிட்ட குடும்பங்களுக்கும் உதவுகிறார்கள். துணியை அங்கே சேர்ப்பதாகத்தான் திட்டம்.

டீச்சர் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய் அந்த வாடகை அறையின் இரும்பு பீரோவைத் திறந்து காட்டினார். மேலிருந்து கீழ்வரை துணி. துபாய்த் துணி, அமெரிக்கத் துணி, சென்னை ஐடி கம்பெனித் துணி. கீழ்த்தட்டில் குளிர்நாட்டுக் கோட்டுகள் மூன்று. போச்சம்பள்ளி வெயிலில் அதை எவர் போட்டுக்கொள்வார்?

"வைத்துவிட்டுப் போப்பா. வேறு வழி யோசிக்கிறேன்" என்றார். பிறகு, "நாளைக்கு உனக்கு வேலை இருக்கிறதா? ஒரு பெண்ணோடு கிருஷ்ணகிரிவரை போய்வர ஆள் வேண்டும். எங்கள் அக்காவுக்கு முட்டி வலி, பையைத் தூக்க முடியாது" என்றார்.

நான் துணியும் பணமும் கொடுக்க வந்தவன். பை தூக்கத்தான் ஆள் தேவைப்பட்டது.

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் மூன்று பேர் நின்றோம்: அறக்கட்டளையில் அலைச்சல் வேலை முழுவதையும் பார்க்கும் அக்கா, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், நான். அந்தப் பெண்ணின் கணவர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்த்தவர். கட்டடத்திலிருந்து விழுந்து இறந்து பதினைந்து மாதம் ஆகிறது. எந்தத் தொழிலாளர் நல வாரியத்திலும் பெயர் பதியவில்லை. மேஸ்திரி அடக்கச் செலவுக்குப் பணம் கொடுத்ததோடு கதை முடிந்துவிட்டது. ஒன்பதாவது படிக்கும் மகள், ஐந்தாவது படிக்கும் மகன். இப்போது மாங்காய் மண்டியில் தரம் பிரிக்கும் வேலை. ஆனால் அது பருவம் முடியும்வரைதான்.

நகரப் பேருந்து என்றால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. முதலில் வந்தது புறநகர்ப் பேருந்து, அதனால் மூன்று டிக்கெட்டும் வாங்கினோம். பஸ் காசைவிடப் பெரிய செலவு வேறு இருக்கிறது என்று அக்கா சொன்னார். மண்டியில் பருவ நேரத்தில் ஒருநாள் வராவிட்டால் கூலி மட்டும் போகாது, மறுநாள் அந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். அதனால்தான் பாதிப்பேர் மனுவைப் பாதியில் விட்டுவிடுகிறார்களாம்.

அந்தப் பெண்ணின் மஞ்சள் ஃபைலை மடியில் வைத்துப் பார்த்தேன். முதல் தாள் கணவரின் இறப்புச் சான்று, பெங்களூரில் கொடுத்தது, கன்னடத்திலும் ஆங்கிலத்திலும். ஆதார் அட்டையில் அவர் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து இனிஷியல். இறப்புச் சான்றிலோ அந்த இனிஷியல் விரிந்து அப்பா பெயராகி, பெயருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டது. செத்தவர் வேறு, இந்தப் பெண்ணின் கணவர் வேறு என்று ஆகிவிட்டது காகிதக் கணக்கு. ஆதரவற்ற விதவைச் சான்று வாங்க முடியவில்லை. அந்தச் சான்று இல்லாமல் உதவித்தொகை இல்லை. 2023-இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்த்திய அந்த மாதத் தொகைக்கு, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நிரூபிக்க மட்டும் ஐந்து மாதம் ஆகியிருக்கிறது. குடும்பத் தலைவர் இறந்தால் ஒருமுறை கொடுக்கும் 20,000 ரூபாய் மத்திய அரசு உதவி ஒன்றும் உண்டு. அதற்கும் இதே சிக்கல்.

இரண்டாவது தாள் இன்னும் சுவாரசியம். வருமானச் சான்று. கணவர் உயிரோடு இருந்தபோது வாங்கியது. மாதம் ஏழாயிரம் என்று யாரோ எழுதிக் கொடுக்க, ஆண்டுக்கு 84,000 என்று வந்திருக்கிறது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு வரம்பு ஆண்டுக்கு 1,20,000 என்பதால் அங்கே இந்தச் சான்று செல்லுபடியாகிவிட்டது, அட்டையும் வந்துவிட்டது. ஆனால் பிள்ளைகளுக்காக அக்கா குறிவைத்திருப்பது மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவு. தகப்பனை இழந்த பிள்ளைக்குப் படிப்பு நிற்காமல் இருக்க மாதம் 4,000 ரூபாய், ஒவ்வொரு பிள்ளைக்கும். கிராமப்புறக் குடும்பத்துக்கு ஆண்டு வருமானம் 72,000-ஐத் தாண்டக்கூடாது. பன்னிரண்டாயிரம் கூடுதல். அந்த வருமானத்தைக் கொண்டுவந்தவரே இப்போது இல்லை, ஆனால் தாளில் இன்னும் சம்பாதித்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. அக்காவுக்கு வரவில்லை. "புதுச் சான்றுக்கு எழுதிப் போட்டாயிற்று. இன்று கைக்கு வர வேண்டும்" என்றார்.

வரவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் ஒரு கணினி மையத்தின் கதை. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய். இந்தப் பெண் முதல்முறை தனியாகப் போனபோது ஒரு தனியார் மையத்தில் முந்நூறு வாங்கியிருக்கிறார்கள், ரசீதும் இல்லை. "கேட்க வேண்டியதுதானே அம்மா?" என்றேன். அவர் சிரித்தார். சிரிக்கும்போது பற்களில் பழுப்புக் கோடுகள் தெரிந்தன. என் பற்களிலும் அதே கோடுகள் உண்டு. பழைய தருமபுரி மாவட்டத்து ஆழ்துளைக் கிணற்று ஃபுளோரைடு எங்கள் தலைமுறைக்குப் போட்ட முத்திரை. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தபிறகு வளர்ந்த அவருடைய மகனுக்கு அது இல்லை என்று பிறகு கவனித்தேன்.

முதல் அலுவலகத்தில் காலை பத்தரைக்கு சர்வர் வேலை செய்யவில்லை. பன்னிரண்டுக்கு சர்வர் வந்தது. கவனிக்க வேண்டியவர் கூட்டத்துக்குப் போய்விட்டார். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. எல்லா ஊரிலும் அந்த ஒரே மேசைதான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணிக்கு அவர் வந்து ஃபைலைப் புரட்டி, "ஒரு தாள் குறைகிறதே" என்றார்.

இந்த இடத்தில்தான் அக்காவின் வித்தையைப் பார்த்தேன். குரலை உயர்த்தவில்லை. பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்து மேசைமேல் வைத்தார். "எந்தத் தாள் குறைகிறது என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடுங்கள் சார். அடுத்த முறை சரியாகக் கொண்டுவந்துவிடுகிறோம்."

அவர் பேனாவைப் பார்த்தார். ஃபைலை மறுபடி புரட்டினார். குறைந்த தாள் உள்ளேயே இருந்தது. கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை வந்திருக்கிறது, வட்டாட்சியர் ஒப்புதல் மட்டும் பாக்கி, இரண்டு நாளில் ஆன்லைனில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மேசையில் குவிந்திருந்த ஃபைல்களைப் பார்த்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அக்கா வெளியே வந்ததும் ஒரு நோட்டை எடுத்து எழுதினார்: யாரைப் பார்த்தோம், என்ன சொன்னார், அடுத்து எப்போது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் இப்படிச் சில பக்கங்கள். ஃபைலில் ஒவ்வொரு தாளுக்கும் ஐந்து நகல், மழைக்காக பாலிதீன் உறை. மாதம் ஓர் அரிசிப் பையும் இந்த அறக்கட்டளை கொடுக்கிறது. ஆனால் அரிசி ரேஷனிலேயே கிடைக்கிறது, பள்ளியில் காலை உணவும் மதிய உணவும் இருக்கிறது. பட்டினி இங்கே முன்னைப்போல் இல்லை. திட்டங்களுக்கும் குறைவில்லை. அந்தத் திட்டத்தின் கதவுவரை கூட நடந்துவந்து, கதவு சாத்தியிருந்தால் மறுநாளும் கூட வருகிற ஆளுக்குத்தான் பஞ்சம்.

போச்சம்பள்ளிப் பக்கம் வேறொரு குழுவின் நோட்டுப் புத்தக விழாவையும் அந்த வாரத்தில் பார்த்தேன். ஃபிளெக்ஸ் பேனரில் கொடுப்பவர்கள் படம் வரிசையாக, வெயிலில் பிள்ளைகள் வரிசையாக. ஒரு நோட்டுக்கு ஒரு புகைப்படம். புகைப்படக்காரர் தாமதமாக வந்ததால் பிள்ளைகள் ஒரு மணி நேரம் நின்றார்கள். டீச்சரின் அறையில் பயனாளிகளின் படம் ஒன்றுகூடக் கிடையாது. "நாளைக்கு அதில் ஒரு பெண்பிள்ளை கல்யாணத்துக்கு நிற்கும்போது அந்தப் படம் யார் போனில் இருக்கும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

டீச்சரோடு எனக்கு ஒரு சண்டையும் நடந்தது. கணவன் உயிரோடு இருந்து, குடித்துக்கொண்டே இருக்கும் குடும்பங்களை இவர்கள் சேர்ப்பதில்லை. அந்தப் பெண்களும் விதவைகளைப்போலத்தானே, சொல்லப்போனால் அதைவிட மோசம் அல்லவா என்றேன். "உண்மைதான். கொடுத்தால் அவன் பிடுங்கிக்கொள்வான். தடுக்க எங்களிடம் ஆள் இல்லை. இருக்கிற மூன்று பேரும் அறுபதைத் தாண்டியவர்கள்" என்றார். இன்றும் எனக்கு அது சரியாகப் படவில்லை.

கடைசியாகப் பணம். கிளம்புவதற்கு முந்தின நாள் காசோலைப் பேச்சை எடுத்தேன். கணக்கு பார்க்கும் முன்னாள் வங்கிக்காரர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"உங்கள் பாஸ்போர்ட் எந்த நாடு தம்பி?"

"சிங்கப்பூர். ஆனால் ஓசிஐ அட்டை இருக்கிறது."

"அப்படியென்றால் வேண்டாம்."

ஓசிஐ என்பது வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா கொடுக்கும் அட்டை. அது இருந்தாலும் சட்டப்படி நான் வெளிநாட்டுக் குடிமகன். என் பணம் வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க வேண்டுமானால் அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு வேண்டும். அந்தப் பதிவுக்கு மூன்று ஆண்டு அனுபவமும், கடைசி மூன்று ஆண்டில் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவு செய்த கணக்கும் வேண்டும். ஜெராக்ஸும் பஸ் டிக்கெட்டும் செலவாகக் காட்டுகிற இவர்கள் அந்தத் தொகையைத் தொடுவது எந்தக் காலம்? பதிவு கிடைத்தாலும், 2020 திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டுப் பணம் முதலில் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். பதிவு உள்ள பெரிய தொண்டு நிறுவனம் வழியாகக் கொடுக்கலாமே என்றேன். ஒருவர் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்றக் கூடாது என்பதும் அதே திருத்தம்தான் என்றார்.

இருபத்திரண்டு வருடம் வெளியே இருந்துவிட்டு, சொந்த ஊர் டீச்சரிடம் பணம் கொடுக்க முடியாதவனாக நின்றேன். கொஞ்ச நேரம் மௌனம். பிறகு அவரே கேட்டார்: "உங்கள் மனைவி?"

மனைவி இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்டை விடவில்லை. மாற்றிக்கொள் என்று நான் பல வருடமாகத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறேன். இந்தியக் குடிமகள் வெளிநாட்டில் சம்பாதித்த சொந்தப் பணத்தை வங்கி வழியாகக் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அன்று இரவு போனில் விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பு காவேரிப்பட்டணத்துக்கே கேட்டிருக்கும். மாதாமாதம் அவள் கணக்கிலிருந்து ஒரு தொகை போகிறது, அவள் பெயரில் ரசீது வருகிறது. அந்தப் பணம் துணைக்குப் போகும் இளம் பெண் ஒருவரின் சம்பளத்துக்கு என்று டீச்சர் சொல்லிவிட்டார். அக்காவின் முட்டிக்கு இனி ஓய்வு கிடைக்கலாம்.

திரும்பி வந்து ஐந்து வாரம் கழித்து அக்கா வாட்ஸ்அப்பில் இரண்டு செய்தி அனுப்பினார். முதலாவது, வருமானச் சான்று 60,000 என்று வந்துவிட்டது, பிள்ளைகளின் மனுவை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுத்தாயிற்று, பரிசீலனையில் இருக்கிறது. இரண்டாவது, என் துணி பற்றி. நல்லதாக எட்டு கிலோவை எடுத்து வைத்துக்கொண்டு, மீதிப் பன்னிரண்டு கிலோ பருத்தியை டீச்சர் நெடுஞ்சாலையில் உள்ள லாரிப் பட்டறைக்கு கிரீஸ் துடைக்க எடைக்குப் போட்டுவிட்டார். கிலோ முப்பது ரூபாய். 360 ரூபாய்க்கும் ஜெராக்ஸ் எடுத்தாயிற்று, ரசீது ஃபைலில் இருக்கிறது.

இஸ்திரி போட்டுக் கொடுத்தவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.