சலவைத் தண்ணி தென்னைக்கு: சோப்புத்தூளா, கண்டிஷனரா?

தருமபுரியில் எங்கள் தெருவில் பாதி வீட்டு வாஷிங் மெஷின் குழாய் தென்னை மரத்தடியில்தான் போய் முடிகிறது. போர் வற்றுகிற ஊரில் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எல்லா சோப்புத் தண்ணியும் மண்ணுக்கு ஒன்றல்ல.

சோப்புத்தூளில் அழுக்கை எடுக்கிற சரக்குக்கு எதிர்மின்சுமை. களிமண் என்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தட்டுகள்; அந்தத் தட்டுகளின் முகமும் அதே சுமைதான், அதனால் விலக்கும். தட்டின் விளிம்பிலும், செம்மண்ணின் இரும்பு ஆக்சைடிலும் மட்டும் கொஞ்சம் ஒட்டும். அதுவும் மண் அமிலப் பக்கமாக இருந்தால். நம்ம ஊர் உப்புத் தண்ணியில் இருக்கும் கால்சியம் நடுவில் நின்று சிறிது பிடித்துவைக்கும். மிச்சம் தண்ணியோடு கிளம்பிவிடும். ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரைத்துப் பொங்குவதைப் பார்த்தவர்களுக்கு, இப்படிப் பிடிபடாமல் போவது என்ன செய்யும் என்று தெரியும்.

துணி மென்மைக்கு ஊற்றும் கண்டிஷனர் நேர்மின்சுமைக்காரன். தட்டுகளில் இருக்கும் சோடியத்தையும் கால்சியத்தையும் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்வான், லேசில் எழுந்திருக்க மாட்டான். கரிசலில் இருக்கும் மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் வகைக்கு, நேர்மின்சுமைகளைப் பிடித்து மாற்றிக்கொள்ளும் திறன் (அயனி மாற்றுத்திறன்) 100 கிராமுக்கு 80 முதல் 120 மில்லி ஈக்விவலன்ட். செம்மண்ணில் அதிகமாக இருக்கும் கயோலினைட் என்ற வகைக்கு 3 முதல் 15தான். அதாவது கரிசல்தான் இவனை வாரி விழுங்கும், தட்டுகளுக்கு நடுவிலும் இடம் கொடுத்து.

இரண்டு டம்ளரில் கரிசலைக் கரைத்துப் பார்த்தேன். ஒன்றில் சோப்புத்தூள், ஒன்றில் சில சொட்டு கண்டிஷனர். முதலாவது மறுநாளும் கலங்கலாகவே நின்றது. இரண்டாவதில் மண் திரிந்த பால் மாதிரி திரண்டு அடியில் இறங்கியது. அதைக் காயவைத்து ஒரு சொட்டு தண்ணி விட்டால், முத்து மாதிரி மேலேயே நின்றது. கண்டிஷனர் மூலக்கூறின் தலை மண்ணில் ஒட்டிக்கொள்ள, தண்ணியை ஒதுக்கும் எண்ணெய்ப்பசை வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதுதான் காரணம்.

சுமையே இல்லாத ரகம் சில லிக்விட்களில் உண்டு. ஹைட்ரஜன் பிணைப்பால் சுமாராக ஒட்டும். எனக்கு அதில் பெரிய புகார் இல்லை.

அப்படியென்றால் தூள்தான் நல்லதா? அதிலுள்ள சலவைச் சோடா இருக்கிறதே! அதன் சோடியம் களிமண்ணைப் பிரித்துச் சேறாக்கி, மண்ணின் துளைகளை அடைத்துவிடும். எங்கள் வீட்டில் முதல் தண்ணி சாக்கடைக்கு, நடு அலசல் தென்னைக்கு. கண்டிஷனர் ஊற்றிய கடைசி அலசலும் சாக்கடைக்குத்தான். "இருக்கிறதிலேயே தெளிவான தண்ணியைப் போய் வீணாக்குறீங்களே" என்று வீட்டில் இன்னும் சண்டை ஓயவில்லை.